மண் + குடம்

மூன்று ஜாடிகள் வந்திருக்கின்றன,
நுகர்வோர் காப்பு அலுவலகத்தின் முத்திரையோடு.
முகத்தில் பூசும் பச்சை மண்.
மூன்றின் மேலும் ஒரே பெயர்: மோன்மொரியோன்.
இங்கே புவாத்தியேயிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்,
நடுவில் ஆறு ஓடும் சின்ன ஊர்.
ஊரின் பெயர் ஒரு கனிமத்துக்குப் போய்,
கனிமத்தின் பெயர் இப்போது ஜாடிக்கு வந்திருக்கிறது.

மெக்சான் தராசின் கதவை மூடுகிறான்.
மண் ஒரு மில்லிகிராம். உப்பு இருநூறு.
அகேட் உரலில் நான் அரைக்கிறேன்.
சந்தனம் அரைக்கும் வேகம் இதற்கு ஆகாது,
மிஞ்சி அரைத்தால் படிகம் உடைந்து
இல்லாததைச் சொல்லும்.
பத்து டன் அழுத்தம்.
சட்டைப் பொத்தான் அளவில்
அக்கரை தெரியும் ஒரு வட்டு.

அகச்சிவப்புக்குப் பச்சை தெரியாது.
ஆக்சிஜனில் தொங்கும் ஹைட்ரஜன்
எந்தச் சுதியில் நடுங்குகிறது,
அது மட்டும்தான் கேட்கும்.

முதலில் விழுந்தது மண்ணே அல்ல.
2350-இல் ஓர் இரட்டை முகடு.
"மூச்சு விட்டிருக்கிறாய்" என்றான் மெக்சான்.
ஆமாம். மூடியைத் திறந்தபோது
"இது சரியாக வருமா?" என்றேன்.
கேள்வி பதிவாகியிருக்கிறது,
சொற்கள் இல்லாமல்.

லாஸ்பேட்டைப் பள்ளியில்
புணர்ச்சி விதியில் மூன்று மதிப்பெண் இழந்தவள் நான்.
மலை வந்தால் மண்மலை, அசைவில்லை.
குடம் வந்தால் மட்குடம்.
மண் அதே மண்தான்.
பக்கத்தில் வருவது யார் என்று பார்த்து
நாக்கு இடம் மாறுகிறது.

அலுமினியம் இருபுறமும் நின்றால் 915.
ஒன்று விலகி இரும்பு வந்தால் 875.
வந்தது மக்னீசியம் என்றால் 845.
இரண்டுமே இரும்பு என்றால்
820 வரை இறங்கிவிடும் குரல்.
(ஒரு சென்டிமீட்டருக்குள் எத்தனை அலை, அந்தக் கணக்கு.)

இதை நீ நாடு விட்டு வந்ததற்கு
உவமையாக எழுதலாமே என்று
மெக்சான் ஒருமுறை சொன்னான்.
வேண்டாம் என்றேன்.
நான் அயனி இல்லை.
என் பக்கத்து வீட்டுக்காரர் டிரம் அடிப்பவர்,
நான் இன்னும் மாறவில்லை.

முதல் ஜாடி: 845-இல் ஒரு தோள். சரி.
இரண்டாவதும் அப்படியே.
மூன்றாவதில் 820.
மேலே 3560-ஐ ஒட்டி அகன்ற மேடு.
இரும்பின் பக்கத்தில் இரும்பு.
நோந்த்ரோன் என்ற வேறோர் ஊரின்
பெயர் தாங்கிய கனிமம்
இப்படித்தான் பேசும்.

"திருடர்கள்" என்றான்.
அவன் அம்மாவுக்குச் சொந்த ஊர் மோன்மொரியோன்.
அறிக்கைத் தாளை அப்போதே எடுத்துவிட்டான்.

நான்கரைக்கு ஒரு தொலைபேசி.
அழைத்திருக்கக் கூடாது, அழைத்துவிட்டார்,
மூன்றாவது ஜாடியின் கிஸ்லேன் ஒப்பெத்தி.
"என் வீட்டுக்குப் பின்னால் வெட்டியது.
ஊர்ப் பலகைக்கு இந்தப் பக்கம்தான் என் வீடு.
நாயைக் குளிப்பாட்டினால்
தொட்டி முழுக்கப் பச்சை.
வந்து பாருங்கள்."
நாயின் பெயரையும் சொன்னார்.
நான் எழுதிக்கொள்ளவில்லை.

மறுபடி நிறமாலையைப் பார்த்தேன்.
அண்டையில் யார் என்று சொல்கிறது.
முகவரி சொல்லவில்லை.
ஒரே சரிவில் ஒரு முழம் ஆழத்துக்குள்
அலுமினியம் முடிந்து இரும்பு தொடங்கலாம்.
தொடங்காமலும் இருக்கலாம்.

எழுதினோம்:
மாதிரி மூன்று, இரும்பு மிகுந்த களிமண்.
சீட்டிலுள்ள கனிமப் பெயர் பொருந்தாது.
மெக்சான் அங்கே நிறுத்தச் சொன்னான்.
இன்னொரு வரி தட்டினேன்:
எந்த ஊர் மண் என்பதை
இந்த முறையால் கூற இயலாது.
அவன் கையெழுத்துப் போட
ஒரு காப்பி நேரம் ஆயிற்று.

ஜன்னலோரம் மறந்து வைத்த வட்டு
காலையில் பால்போல் மங்கிக் கிடந்தது.
சும்மா அளந்து பார்த்தோம்.
1630-இல் தண்ணீர், உரத்த குரலில்.
கிளான் ஆற்றிலிருந்து ஏறிவந்த பனியா,
இரவில் தரை துடைத்தவரின் வாளியா,
இல்லை, நேற்று நாங்கள் போட்ட சண்டையா.
மெக்சான் என்னைப் பார்த்தான்.
நான் மூச்சை அடக்கிக்கொண்டு
அடுத்த ஜாடியைத் திறந்தேன்.